கூலியில் ஒரு பங்கு: வடசென்னைத் திருச்சபைகளைத் தாங்கும் கைகள்

சென்னைக்குத் துறைமுகம் இல்லாத காலத்தில் ஐரோப்பியக் கப்பல்கள் கரையை நெருங்க முடியாமல் தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும். அலை உடையும் பகுதியைத் தாண்டி ஆட்களையும் சரக்கையும் கரைசேர்க்க மசூலாப் படகையும் கட்டுமரத்தையும் விட்டால் வேறு வழியில்லை. மசூலாவின் பலகைகளை ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்திருப்பார்கள். அலை தூக்கித் தரையில் அடித்தாலும் பலகைகள் நெகிழ்ந்து கொடுக்கும், பிளக்காது. கவர்னராக இருந்தாலும் கடைசிச் சிப்பாயாக இருந்தாலும் இந்தப் படகோட்டிகளின் கையில் உயிரை ஒப்படைத்துத்தான் மதராஸ் மண்ணில் கால் வைக்க முடியும்.

அந்தப் படகோட்டிகளில் கணிசமானோர் கத்தோலிக்கர்கள். குருகுல வம்சத்தார் என்று தங்களைச் சொல்லிக்கொண்டவர்கள். கோட்டைக்கு வடக்கே ராயபுரம் கடற்கரை அவர்களுடைய குடியிருப்பு. தங்களுடைய பாதுகாவலரான புனித இராயப்பருக்கு (பேதுருவுக்கு) அவர்கள் அங்கே எழுப்பிய ஆலயம் 1829-இல் உருவானது. கட்டுமானச் செலவைச் சுமந்தது படகோட்டிகளின் மகமை நிதி. தொழிலில் வரும் கூலியில் ஒரு சிறு பங்கை அவ்வப்போதே ஒதுக்கிப் பொதுவில் சேர்த்து வைப்பதுதான் மகமை. எத்தனையோ பேர் எத்தனையோ முறை அலையைத் தாண்டிப் போய்வந்த கூலியின் துணுக்குகள் சேர்ந்து ஒரு கோபுரமாயின.

ஒரு திருச்சபை எதனால் உயிரோடு இருக்கிறது என்ற கேள்விக்கு வழக்கமாக ஆயர்கள், குருக்கள், மிஷனரிகள், பேரவைத் தீர்மானங்கள் வழியாகவே விடை தேடப்படுகிறது. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரையிலான கடற்கரைப் பட்டையின் கதை வேறு விடை தருகிறது. பெயர் தெரியாத உறுப்பினர்கள் தவறாமல் கொடுத்த பணம், நேரம், தொழில்திறன், கேள்வி ஆகிய நான்கும் சேர்ந்தே இங்குள்ள சபைகளை நிறுத்தியிருக்கின்றன. இவற்றில் ஒன்று குறைந்தாலும் சபையின் உடல்நலம் கெடும். கொடுத்தவரே அதை உரிமைப் பத்திரமாக்கிக்கொண்டால் இன்னும் மோசமாகக் கெடும்.

கொரிந்தும் ஒரு துறைமுக நகரம்

சபையை ஓர் உடலாகவும் உறுப்பினரை அதன் உறுப்புகளாகவும் பவுல் வருணிக்கும் பகுதி, கொரிந்தியருக்கு அவர் எழுதிய முதல் கடிதத்தின் 12-ஆம் அதிகாரத்தில் வருகிறது. பிரசங்கங்களில் அதிகம் கேட்கப்படும் பகுதிகளில் ஒன்று. அந்தக் கடிதம் போய்ச் சேர்ந்த ஊர் எப்படிப்பட்டது என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. கொரிந்து நகருக்கு மேற்கே லெக்கேயம், கிழக்கே கெங்கிரேயா என இரண்டு துறைமுகங்கள். வணிகர், மாலுமிகள், சுமைதூக்குவோர், அடிமைகள், விடுதலை பெற்ற அடிமைகள் எனப் பல தரப்பினரும் புழங்கிய ஊர். அந்தச் சபைக்குள்ளும் அதே ஏற்றத்தாழ்வுகள் இருந்தன. 11-ஆம் அதிகாரத்தில் பவுல் கடிந்துகொள்வது இதைத்தான்: ஆண்டவரின் விருந்துக்குக் கூடிவரும்போது வசதியுள்ளவர்கள் முந்திக்கொண்டு வயிறாரச் சாப்பிடுகிறார்கள், ஏழைகள் பட்டினியாக நிற்கிறார்கள்.

இதைத் தொடர்ந்துதான் உடலின் உவமை வருகிறது. பலவீனமாகத் தோன்றும் உறுப்புகளே மிகவும் தேவையானவை என்ற வாதத்தின் கூர்மை, பசியோடு நின்ற அந்த ஏழைகளை நினைத்துப் படித்தால்தான் புரியும்.

கடிதத்தின் கடைசி அதிகாரம் காசு விஷயத்துக்கு வருகிறது. எருசலேமின் ஏழைகளுக்காக நிதி திரட்ட வேண்டும். பவுல் சொல்லும் வழி எளியது: வாரத்தின் முதல் நாள்தோறும் ஒவ்வொருவரும் தம் வரவுக்குத் தக்கபடி ஒரு தொகையை எடுத்து வைக்க வேண்டும், தாம் வரும்போது அவசர வசூல் நடக்கக் கூடாது. திரண்ட பணத்தைக் கொண்டுபோகும் ஆட்களையும் சபையே தேர்ந்து அனுப்ப வேண்டும். இரண்டாம் கடிதத்தின் 8-ஆம் அதிகாரத்தில், இந்தப் பெருந்தொகையைக் கையாளுவதில் யாரும் தங்கள்மீது குறை சொல்ல இடம் கொடுக்கக் கூடாது என்பதற்காகவே கூடுதல் ஆட்களைச் சேர்த்து அனுப்புவதாக எழுதுகிறார்.

சிறு தொகை, தவறாத ஒழுங்கு, வரவுக்கேற்ற அளவு, பலர் அறிந்த கணக்கு. ஒரு துறைமுக நகரத்துக் கூலிக்காரர்களுக்குச் சொல்லப்பட்ட இந்த நான்கில் முதல் மூன்றையும் ராயபுரத்துப் படகோட்டிகள் தமிழ் மண்ணின் மகமை வழக்கத்திலேயே வைத்திருந்தார்கள். மதம் கடந்த வழக்கம் அது. விருதுநகர் நாடார்கள் தங்கள் மகமை நிதியைக் கொண்டு 1889-இல் சத்திரிய வித்தியாசாலையைத் தொடங்கினார்கள். வணிகத்தில் ஈட்டியது அங்கே பள்ளியாயிற்று. கடலில் ஈட்டியது இங்கே ஆலயமாயிற்று.

பெருஞ்செல்வர் ஒருவரின் கொடையில் எழும் ஆலயத்துக்கும் இதற்கும் வேறுபாடு உண்டு. ஒருவரின் கொடை அவர் மனம் மாறினால் நின்றுவிடும். ஆயிரம் பேரின் துணுக்குகள் நிற்க வேண்டுமானால் அந்த ஆயிரம் பேரும் ஒன்றாக ஊரைவிட்டுப் போக வேண்டும். ராயபுரத்தில் தொழிலே ஊரைவிட்டுப் போனது. சபை போகவில்லை.

துறைமுகம் வந்தது, மணல் போனது

1856-இல் ராயபுரத்திலிருந்து தென்னிந்தியாவின் முதல் ரயில் புறப்பட்டது. செயற்கைத் துறைமுகத்தின் வேலை 1875-இல் தொடங்கி, 1881 புயலில் சிதைந்து, மறுபடி கட்டப்பட்டு நூற்றாண்டின் இறுதிக்குள் உருப்பெற்றது. கப்பல்கள் கரையை ஒட்டியே நிற்கத் தொடங்கின. மசூலாவுக்கு வேலை இல்லாமல் போனது.

வேலை மட்டும் போகவில்லை. இந்தக் கடற்கரையில் மணல் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்கே நகரும். துறைமுகச் சுவர் அந்த நகர்வை மறித்தது. தெற்கே மணல் குவிந்து மெரினா அகன்றது. வடக்கே ராயபுரம், திருவொற்றியூர்ப் பக்கம் கடல் கரையைத் தின்றது. இன்று காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை விரைவுச்சாலையை ஒட்டிக் கொட்டிக் கிடக்கும் கருங்கற்கள் அந்த இழப்பின் அடையாளம்.

பிறகு ஆலைகள் வந்தன. எண்ணூரில் 1948-இல் தொடங்கிய நிறுவனம் பின்னாளில் அசோக் லேலண்ட் ஆனது. 1955-இல் திருவொற்றியூரில் என்ஃபீல்டு, 1969-இல் மணலியில் மதராஸ் சுத்திகரிப்பு ஆலை, 1970-இல் எண்ணூர் அனல் மின்நிலையம், 2001-இல் எண்ணூர்த் துறைமுகம் என்று வரிசை நீண்டது. வேலை தேடி வந்தவர்களில் திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரி, வட ஆர்க்காடு, செங்கல்பட்டுப் பகுதிக் கிறிஸ்தவர்களும் இருந்தார்கள். தங்கள் ஊரின் சபை வழக்கங்களையும் அவர்கள் உடன் கொண்டுவந்தார்கள். 2011 கணக்கெடுப்பின்படி சென்னை மாவட்ட மக்களில் கிறிஸ்தவர்கள் 7.7 விழுக்காடு. தமிழ்நாட்டு அளவில் அது 6.1.

ஆலைத் தொழிலாளிக்கு ஞாயிற்றுக்கிழமை என்பது உறுதியில்லாத நாள். காலை ஷிப்டில் இருப்பவர் ஆராதனைக்கு வர முடியாது. இரவு ஷிப்ட் முடித்து வருபவர் பிரசங்கத்தில் கண் அயர்வார். இந்தப் பட்டையின் சபைகள் வீட்டு ஜெபக்கூட்டங்களையும் தெருவாரிக் குழுக்களையும் நம்பி வளர்ந்ததற்கு இறையியல் காரணம் எவ்வளவோ, ஷிப்ட் நேரமும் அவ்வளவு காரணம்.

சீர்திருத்தச் சபைகளில் மகமையின் இடத்தைச் சந்தா பிடித்தது. மாதச் சந்தா, ஸ்தோத்திரக் காணிக்கை, பிறந்தநாள் காணிக்கை என்று குடும்பக் கணக்கில் ஒரு வரி. அறுப்பின் பண்டிகையின் ஏலத்தை நேரில் பார்த்தவருக்கு இதன் உயிர் புரியும். வயலே இல்லாத தொழிலாளிக் குடும்பங்கள் வாழைத்தார், தேங்காய், வீட்டில் செய்த அதிரசம், கோழி, மீன்குழம்புச் சட்டி என்று கொண்டுவந்து அடுக்குவார்கள். ஓர் எலுமிச்சம்பழம் நூறு ரூபாயில் தொடங்கி ஐந்நூறைத் தாண்டும். எடுத்தவர் அதையே திரும்பச் சபைக்குக் கொடுத்து மறு ஏலம் விடச் சொல்வார். கூடியிருப்பவர்கள் ஆர்ப்பரிப்பார்கள். பொருள் தந்தவருக்கும் ஏலம் எடுத்தவருக்கும் பண்டிகை சமமான மகிழ்ச்சியைத் தருகிறது. ஆண்டு முழுவதும் நடக்கும் பழுதுபார்ப்புக்கும் பணம் சேர்கிறது.

தொழிலறிவு என்னும் காணிக்கை

1888-இல் ஸ்காட்லாந்து சுதந்திரச் சபையின் சார்பில் மதராஸுக்கு வந்த டாக்டர் மாடில்டா மக்ஃபெயில், ஸ்கை தீவில் பிறந்து லண்டனில் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியில் படித்தவர். ஆண் மருத்துவரிடம் உடம்பைக் காட்டப் பெண்கள் தயங்கிய காலம் அது. பிரசவத்தில் தாயும் குழந்தையும் சாவது அன்றாட நிகழ்ச்சி. சிறிய மருந்தகமாக அவர் தொடங்கிய பணி வளர்ந்து 1914-இல் ராயபுரத்தில் ஒரு பெரிய மருத்துவமனையாக நிலைபெற்றது. ஸ்காட்லாந்தில் அந்தச் சபையின் பெண்கள் மிஷன் பணியை ஒழுங்குபடுத்திய கிறிஸ்டினா ரெய்னியின் பெயரை அது தாங்கியது. இன்றைக்கும் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) ரெய்னி மருத்துவமனை என்றால் வடசென்னையில் வழி கேட்க வேண்டியதில்லை.

மக்ஃபெயில் பணி ஓய்வு பெற்றது 1928-இல். நாற்பது ஆண்டு. அந்த நாற்பது ஆண்டும் ஒரு பெண் தனியாகச் செய்த வேலையென்று எழுதினால் பாதி உண்மைதான் எழுதப்படும். கடல் கடந்து சிறு நிதி திரட்டிய ஸ்காட்லாந்துப் பெண்கள் ஒரு பக்கம். இங்கே செவிலியராகவும் மருந்து கலப்பவராகவும் வீடு வீடாகப் போய்க் கர்ப்பிணிகளை அழைத்துவரும் உதவியாளராகவும் பயின்ற தமிழ்ப் பெண்கள் மறுபக்கம். பெயர்ப் பலகையில் ஏறாத இவர்களுடைய தொழிலறிவுதான் அந்த நிறுவனத்தை அந்நியர் கையிலிருந்து உள்ளூர்ச் சபையின் கைக்கு மாற்றியது.

அந்நியப் பணத்தில் நிற்கும் சபைக்குத் தன் காலில் நிற்கும் வலு வருமா என்ற கேள்வி அப்போதே எழுந்திருந்தது. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்தின் சர்ச் மிஷனரி சங்கத்துச் செயலர் ஹென்றி வென், உள்ளூர்ச் சபைகள் தங்கள் செலவைத் தாங்களே ஏற்று, தங்களைத் தாங்களே ஆண்டு, தாங்களே பரவ வேண்டும் என்று வாதாடினார். மதராஸில் அதைச் செயலில் காட்ட முயன்றவர் மருத்துவர் புல்னி ஆண்டி. சபைப்பிரிவுகளைக் கடந்து, இந்தியரே தாங்கி நடத்தும் தேசியத் திருச்சபை ஒன்றை 1886-இல் அவர் தொடங்கினார். அது நிலைக்கவில்லை. ஆனால் அதற்கு ஏறத்தாழ அறுபது ஆண்டுகளுக்கு முன்பே, இறையியல் நூல் எதுவும் எழுதாத ராயபுரத்துப் படகோட்டிகள் தங்கள் ஆலயச் செலவைத் தாங்களே ஏற்றிருந்தார்கள். அறிவாளர்கள் வகுத்த கொள்கைக்கு உழைப்பாளர்களின் பழக்கம் முந்திக்கொண்டது.

இன்றும் இந்தப் பகுதிச் சபை ஒன்றில் ஞாயிறு காலை எத்தனை தொழில்கள் உட்கார்ந்திருக்கின்றன என்று எண்ணிப் பார்க்கலாம்: வெல்டர், ஃபிட்டர், எலக்ட்ரீஷியன், செவிலியர், ஆசிரியர், கன்டெய்னர் லாரி ஓட்டுநர், துறைமுகக் கணக்கர், வழக்கறிஞர், ஐஸ் ஃபேக்டரித் தொழிலாளி, மீன் ஏலம் எடுக்கும் பெண். இவர்களிடம் சபை பெரும்பாலும் கேட்பது பணத்தையும் குரலையும்தான். பாடகர் குழுவுக்கு ஆள் தேடும் ஆர்வத்தில் பாதி, கணக்கெழுதத் தெரிந்தவரையும் இரத்த அழுத்தம் பார்க்கத் தெரிந்தவரையும் தேடுவதில் இல்லை.

கொடை உரிமையாகும்போது

மகமைக்கு இன்னொரு முகமும் உண்டு. எங்கள் கூலியில் எழுந்த ஆலயம் என்ற பெருமைக்கும், எங்களுக்கு மட்டுமே உரிய ஆலயம் என்ற பிடிவாதத்துக்கும் இடையே ஓர் அடிதான். முதல் வரிசை யாருக்கு, தேர்வடம் யார் தொடுவது, திருவிழாவில் எந்தக் குடும்பத்துக்கு முதல் மரியாதை, கல்லறையில் யாருக்கு எந்தப் பக்கம் என்று தமிழகத்தின் பல பழைய ஆலயங்களில் எழுந்த சண்டைகளின் வேர் இங்கேதான் இருக்கிறது.

இதன் உச்சம் நெல்லை மாவட்டத்து வடக்கன்குளம். சாதிக்கொரு பக்கமாக வழிபடும்படி இரண்டு கைகளாகப் பிரித்துக் கட்டப்பட்ட ஆலயம் அது, நடுவே தடுப்புச்சுவர். 1910-இல் அந்தச் சுவர் இடிக்கப்பட்டது. சுவர் தங்கள் உரிமை என்று வேளாளக் கிறிஸ்தவர் தரப்பு வழக்குப் போட்டது. மைக்கேல் பிள்ளை எதிர் பார்த் என்ற பெயரில் அறியப்படும் அந்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் அவர்களின் கோரிக்கையை ஏற்கவில்லை. முன்னோர் கொடுத்ததைக் காரணம் காட்டிப் பின்னோர் கேட்டது, சக விசுவாசியின் முகத்தைப் பார்க்காமலிருக்கும் உரிமையை. பவுல் கொரிந்தில் கண்ட நோய் ஆயிரத்து எண்ணூறு ஆண்டு கழித்துத் தமிழ்ச் சுவராக நின்றது.

சிறிய அளவில் இந்த நோய் எங்கும் தென்படுகிறது. மின்விசிறியின் இறக்கையில் பெயர், பெஞ்சின் முதுகில் பெயர், ஒலிபெருக்கிப் பெட்டியில் பெயர். நன்றி சொல்வதில் தவறில்லை. இறந்தவரின் நினைவைப் போற்றுவதிலும் தவறில்லை. ஆனால் பெயர் போடும் அளவுக்குக் கொடுக்க முடியாதவர் அந்தக் கூட்டத்தில் மெல்ல மெல்லத் தம்மை விருந்தாளியாக உணரத் தொடங்குகிறார். சந்தா பாக்கி வைத்தவருக்கு வாக்குரிமை இல்லை என்ற விதி இந்த உணர்வை இன்னும் கூர்மையாக்குகிறது. ஒப்பந்தத் தொழிலாளியின் வீட்டில் மூன்று மாதம் வேலை நின்றால் முதலில் நிற்பது சந்தா. அத்தோடு சபையில் அவர் குரலும் நின்றுவிடுகிறது.

இதற்கு மாற்றாக ஒரு நல்ல வழக்கம் கத்தோலிக்கப் பங்குகளிலேயே இருக்கிறது. 1833-இல் பாரிஸில் பிரெடெரிக் ஓசானாம் என்ற இருபது வயது மாணவர் நண்பர்களோடு தொடங்கியது வின்சென்ட் தே பவுல் சபை. குருக்கள் சபை அல்ல, பொதுநிலையினரின் இயக்கம். அதன் கூட்டங்களில் பை ஒன்று சுற்றிவரும். ஒவ்வொருவரும் மூடிய கையை உள்ளே விட்டுத் திறந்து எடுப்பார்கள். யார் ஐந்நூறு போட்டார், யார் ஐந்து ரூபாய் போட்டார், யார் வெறுங்கையை விட்டு எடுத்தார் என்பது பக்கத்தில் இருப்பவருக்கும் தெரியாது. பிறகு ஏழை வீடுகளைத் தேடிப் போவதும் இரண்டிரண்டு பேராக, விளம்பரம் இல்லாமல். கொடுப்பவரின் பெருமையையும் பெறுபவரின் மானத்தையும் ஒரே துணிப்பை காப்பாற்றிவிடுகிறது.

நேரம்

அமெரிக்க அரசியல் அறிவியலாளர்கள் ராபர்ட் புட்னமும் டேவிட் காம்ப்பெல்லும் 2010-இல் வெளியிட்ட பெரிய ஆய்வில் ஒரு முடிவு சபைத் தலைவர்களை யோசிக்க வைத்தது. வழிபாட்டுக்குத் தவறாமல் போகிறவர்கள் மற்றவர்களைவிட அதிகமாக அயலாருக்கு உதவுகிறார்கள். ஆனால் அதற்குக் காரணம் அவர்கள் நம்பும் கோட்பாடுகள் என்று தரவு காட்டவில்லை. சபைக்குள் நெருங்கிய நட்புகள் உள்ளவர்களிடம்தான் அந்தப் பண்பு வலுவாக இருந்தது. யாரோடும் பேசாமல் வந்து தனியாக உட்கார்ந்துவிட்டுப் போகிறவரிடம் அது பெரிதாகத் தெரியவில்லை.

தமிழகத்துக் கத்தோலிக்கப் பங்குகளில் வேரூன்றியிருக்கும் அன்பியங்களை இந்த வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். ஒரு தெருவின் இருபது முப்பது குடும்பங்கள் முறைவைத்து ஒருவர் வீட்டில் கூடுகின்றன. மறைநூல் வாசிக்கிறார்கள், பேசுகிறார்கள், தேநீர் குடிக்கிறார்கள். யார் வீட்டில் காய்ச்சல், யார் மகனுக்குக் கல்லூரிக் கட்டணம் இடிக்கிறது, எந்தப் பாட்டி இரண்டு வாரமாகக் கோயிலுக்கு வரவில்லை என்பது பங்குத்தந்தைக்குத் தெரியும் முன்பே அன்பியத்துக்குத் தெரிந்துவிடும். சி.எஸ்.ஐ. சபைகளில் இதே வேலையைப் பெண்கள் ஐக்கிய சங்கமும் வீட்டு ஜெபக்கூட்டமும் செய்கின்றன. இரண்டிலும் பெரும்பங்கு நேரம் கொடுப்பவர்கள் பெண்கள்; முடிவெடுக்கும் குழுக்களில் அந்த விகிதம் இன்னும் வரவில்லை. ஞாயிறு பள்ளிக்கும் மறைக்கல்வி வகுப்புக்கும் ஆண்டுக்கணக்கில் ஊதியமின்றி வரும் ஆசிரியைகள் அடுத்த தலைமுறையின் நட்புகளை இப்போதே பின்னிக்கொண்டிருக்கிறார்கள்.

கேட்பதும் கடமை

மக்கள் பங்களிப்பைக் கத்தோலிக்கத் திருச்சபை சட்டமாகவும் எழுதியிருக்கிறது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 நவம்பரில் பொதுநிலையினரின் திருத்தூதுப் பணி பற்றித் தனி ஆணை வெளியிட்டது. 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 536-ஆம் பிரிவு, மறைமாவட்ட ஆயர் தக்கதெனக் கருதினால் பங்குகளில் மேய்ப்புப்பணிப் பேரவை அமையலாம் என்கிறது. அதன் கருத்து ஆலோசனை அளவில் நிற்கும். அடுத்த பிரிவு இன்னும் கறாரானது: ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு இருந்தே தீர வேண்டும்.

நிதிக்குழு இருப்பது வேறு, அது கேள்வி கேட்பது வேறு. பெரும்பாலான சபைகளில் வரவுசெலவைக் கேட்பவர் விசுவாசத்தில் குறைந்தவராகவோ கட்சி கட்டுபவராகவோ பார்க்கப்படுகிறார். கேள்விகளை உரிய காலத்தில், உரிய இடத்தில் கேட்கவிடாத அமைப்புகள் பிறகு நீதிமன்றத்தில் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. தென்னிந்தியத் திருச்சபை 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் பல சபைப்பிரிவுகளின் ஒன்றிப்பாகப் பிறந்தது. உலகச் சபைகள் வியந்து பார்த்த நிகழ்வு அது. அதே திருச்சபையின் தேர்தல் தகராறில், சினாடு என்னும் அதன் மேல்மட்டப் பேரவையின் நிர்வாகத்தைக் கவனிக்க ஓய்வுபெற்ற நீதிபதிகளைச் சென்னை உயர் நீதிமன்றம் 2024-இல் நியமிக்கும் நிலை வந்தது. மேல்மட்டத்தில் வெடிக்கும் இத்தகைய சண்டைகளுக்கு விதை கீழ்மட்டத்தில், யாரும் எழுந்து கேட்காத ஆண்டுக் கூட்டங்களில் ஊன்றப்படுகிறது.

கணக்குக் கேட்பது காணிக்கையின் தொடர்ச்சி. தன்மீதே குறைசொல்ல இடமில்லாதபடி சாட்சிகளைச் சேர்த்துக்கொண்ட பவுலுக்கு அது அவமானமாகத் தோன்றவில்லை.

மூச்சும் சபையின் விஷயம்

2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் சென்னையை முழுக்காட்டியது. வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய்ப் படலம் பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர்க் கழிமுகத்துக்குள் இறங்கியது. வலைகளும் படகுகளும் கருத்தன. மீனவர்களே படகில் ஏறி, எண்ணெயைக் கையால் அள்ளி ஊற்றினார்கள். அந்த மாதமே, கிறிஸ்மஸுக்கு மறுநாள் நள்ளிரவில், பெரியகுப்பம் அருகே உர ஆலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. கண் எரிச்சலும் மூச்சுத்திணறலுமாக மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள்.

இப்படிப்பட்ட இடத்தில் ஒரு சபையின் ஆரோக்கியத்தைப் பாடலின் இனிமையையும் ஆராதனைக்கு வரும் கூட்டத்தையும் கொண்டு மட்டும் அளக்க முடியாது. பெஞ்சில் இருமிக்கொண்டிருக்கும் குழந்தையும் சபையின் உறுப்புதான். அதே காற்றைச் சுவாசிக்கும் இந்து, முஸ்லிம் அயலாரும் அந்த உடலுக்கு அந்நியரல்லர். இந்த மாசுக்கு எதிரான எண்ணூர்க் குப்பங்களின் போராட்டத்தில் ஊர்ப் பஞ்சாயத்துகள் முன்னே நிற்கின்றன. கிறிஸ்தவர்கள் அங்கே சேர வேண்டியது ஊர்க்காரர்களாகத்தான், தனிக் கொடியோடு அல்ல.

ரோமப் பேரரசை 165-லும் 251-லும் கொள்ளைநோய்கள் தாக்கியபோது கிறிஸ்தவர்கள் நோயாளிகளைக் கைவிடாமல் தண்ணீரும் உணவும் கொடுத்துப் பார்த்துக்கொண்டதே பலரைப் பிழைக்க வைத்திருக்கும். அந்தச் சபை வளர்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்று சமூகவியலாளர் ராட்னி ஸ்டார்க் 1996-இல் வெளியான தம் நூலில் வாதிட்டார். மருந்தே இல்லாத காலத்தில் தண்ணீர்க் குவளையோடு உள்ளே போன தனி ஆட்களின் கதை அது. இங்கேயும் அப்படி ஒரு சோதனை வந்தது. 2020 கோடையில் கொரோனாத் தொற்று சென்னையிலேயே மிக அதிகமாக இருந்தது ராயபுரம் மண்டலத்தில். ஆலயங்கள் மூடிக் கிடந்தன. ஆராதனை செல்போன் திரைக்குப் போயிற்று. காணிக்கைத் தட்டு நின்றது. அந்த மாதங்களில் ஒரு சபையிடம் எஞ்சியிருந்த சொத்து, யார் வீட்டுக் கதவை யார் தட்டுவார் என்பது மட்டுமே. அன்பியமோ ஜெபக்குழுவோ முன்பே உயிரோடு இருந்த தெருக்களில் அரிசிக்கும் மாத்திரைக்கும் கேட்க ஓர் ஆள் இருந்தார். இல்லாத இடத்தில் கட்டடம் மட்டும் இருந்தது.

இன்னொரு சோதனை மெதுவாக நடந்துகொண்டிருக்கிறது. 2004 டிசம்பர் 26, ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆழிப்பேரலை இந்தக் கரையையும் அடித்தது. வீடிழந்த கடற்கரைக் குடும்பங்கள் பல, எர்ணாவூர்ச் சுனாமிக் குடியிருப்புகளுக்குப் போயின. வாடகை ஏறும்போதும் சாலை அகலும்போதும் ராயபுரத்துக் குடும்பங்கள் மீஞ்சூர், செங்குன்றம் என்று நகர்கின்றன. பெயர் பழைய ஆலயத்தின் பதிவேட்டில், ஆள் இருபது கிலோமீட்டர் தள்ளி. திருமணத்துக்கும் அடக்கத்துக்கும் திருவிழாவுக்கும் வருகிறார்கள். இடைப்பட்ட ஆண்டுகளில் அவர்கள் எந்தச் சபையின் பொறுப்பு என்பதற்குப் பல இடங்களில் விடை இல்லை. இந்த விடையைப் பேராயர் அலுவலகம் அனுப்பும் சுற்றறிக்கை தராது. அதே குடியிருப்பில் வசிக்கும் ஒரு குடும்பம் இன்னொரு குடும்பத்தைத் தேடிப் போய்ப் பேச வேண்டும்.

செய்யக்கூடியவை பெரிய திட்டங்கள் அல்ல. இயந்திரப் படகுகளுக்கான மீன்பிடித் தடை ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் நீள்கிறது. இராயப்பர் திருநாள் ஜூன் 29. வருமானம் வற்றிய இரண்டு மாதத்தை ஒட்டியே திருவிழா வரி வசூல் நடக்கிறது. மீனவக் குடும்பங்கள் மிகுந்த பங்குகளில் இந்த வரியை ஆண்டு முழுவதும் சிறு தவணைகளாகப் பிரித்து, தடைக்காலத்தில் நிறுத்திவைக்கலாம். வேலையிழந்த காலத்துச் சந்தா பாக்கிக்காக யாருடைய வாக்குரிமையும் போகாது என்று சீர்திருத்தச் சபைகள் தீர்மானம் போடலாம். ஆண்டுக்கொரு முறை உறுப்பினர்களின் தொழில்திறனைக் கேட்டு எழுதி, செவிலியர்களைக் கொண்டு மாதம் ஒருநாள் மூச்சு, இரத்த அழுத்தச் சோதனை நடத்தி, மூச்சுக்கோளாறு உள்ள குழந்தைகளின் விவரத்தை மாநகராட்சி நல மையத்துக்குக் கொடுக்கலாம். நிதி அறிக்கையை அறிவிப்புப் பலகையில் ஒட்டுவதோடு நிற்காமல், காலை ஷிப்டுக்காரரும் இரவு ஷிப்டுக்காரரும் வரக்கூடிய இரண்டு வேளைகளில் வாசித்துக் கேள்விக்கு நேரம் ஒதுக்கலாம். இவற்றில் பெரும்பாலானவற்றைச் செய்ய வெளிநாட்டு நிதிக்கோ மறைமாவட்ட அனுமதிக்கோ காத்திருக்கத் தேவையில்லை. அடுத்த பங்குப் பேரவையிலோ சபைக் கூட்டத்திலோ ஒருவர் எழுந்து முன்மொழிய வேண்டும், இன்னொருவர் வழிமொழிய வேண்டும்.